ஆறு சைட்டில் ஒரே மாற்றம்: பெங்களூரு ஃபெசிலிட்டி வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு

பெங்களூரில் ஃபெசிலிட்டி வேலையில், அதாவது அலுவலகக் கட்டிடங்களின் பராமரிப்பு, துப்புரவு, காவலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், சேர்ந்த கொஞ்ச நாளில் இப்படி ஒரு மெயில் வரும்: "அடுத்த காலாண்டிலிருந்து எல்லா சைட்டுக்கும் ஒரே வெண்டர், ஒரே ஆப், ஒரே செக்லிஸ்ட். பொறுப்பு உங்களுடையது." ஓசூரிலோ வேலூரிலோ ஒரே ஒரு ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்து, திடீரென்று ஆறு முகவரிக்குப் பதில் சொல்ல வேண்டியவராக ஆனவருக்காக இதை எழுதுகிறேன்.

மாற்றத்தை முடிவு செய்வது தலைமை அலுவலகம். அது நடக்கிறதா இல்லையா என்பது தெரியும் இடம் வேறு. காலை ஷிஃப்ட் மாறும்போது சூப்பர்வைசர் தன் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் கால் மணி நேரம் அது. திட்டத்தை அங்கிருந்து தொடங்கி மேலே கட்டிக்கொண்டு போங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

1. முதலில் சைட்டுகளை ரகம் பிரியுங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானிக் சிட்டியில் சொந்தக் கட்டிடம், நாகவாராவிலும் பெல்லந்தூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் டெக் பார்க்குக்குள் வாடகைத் தளங்கள், பீன்யாவில் ஒரு கிடங்கு, இன்ஃபென்ட்ரி ரோட்டில் ஒரு பழைய அலுவலகம். தாளில் இவை ஆறு வரிகள்தான். வேலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

சொந்தக் கட்டிடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்), எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), லிஃப்ட், ஃபயர் பம்ப் எல்லாம் உங்கள் தலையில். டெக் பார்க்கில் அவை பில்டிங் ஓனருடையவை. நீங்கள் கேம் சார்ஜ் (பொது இடப் பராமரிப்புக் கட்டணம்) கட்டுகிறீர்கள், இரவு எட்டுக்குப் பிறகு ஏ.சி. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்குகிறீர்கள், உங்கள் கையில் இருப்பது யு.பி.எஸ்., பேன்ட்ரி, தளத்துக்குள் இருக்கும் துப்புரவு மட்டும். பீன்யா கிடங்கில் துப்புரவைவிட லோடிங் பே ஷட்டரும் கூரை ஒழுகலும்தான் பெரிய விஷயம். இந்த ஆறுக்கும் ஒரே எஸ்.எல்.ஏ. (சேவைத் தர ஒப்பந்தம்) எழுதினால், வாடகைத் தளத்துக்கு டி.ஜி. பராமரிப்புக்காக அபராதம் போடும் வேடிக்கை நடக்கும்.

இன்னொரு கோடும் போட வேண்டும்: எந்த சைட் எந்த அமைப்பின் கீழ் வருகிறது. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டியின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. எலக்ட்ரானிக் சிட்டியின் பெரும்பகுதி எல்சிட்டா என்ற தனித் தொழில் நகரியம். குப்பை எடுப்பது, வரி, உரிமம் எல்லாம் சைட்டுக்கு சைட் வேறு கவுன்ட்டர். பழைய சூப்பர்வைசருக்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரியும்; புது வெண்டரின் ஏரியா மேனேஜருக்குத் தெரியாது. அதை இப்போதே எழுதி வாங்குங்கள்.

2. நேரம் கெட்ட நேரத்தில் போய்ப் பாருங்கள்

காலை பதினொரு மணிக்கு எந்த சைட்டும் பளிச்சென்றுதான் இருக்கும். ஷிஃப்ட் மாறும் விடிகாலையில் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஒரு முறை, ஞாயிறு மதியம் ஒரு முறை போங்கள். பில்லில் இருக்கும் ஆள் எண்ணிக்கையும் தரையில் நிற்கும் ஆள் எண்ணிக்கையும் ஒன்றா என்பது அப்போதுதான் தெரியும். கணக்கு எளியது: வாரம் ஏழு நாள், மூன்று ஷிஃப்ட், ஒரு செக்யூரிட்டி போஸ்ட் என்றால் வார விடுமுறைக்கு ரிலீவரையும் சேர்த்து மூன்றரை ஆள் வேண்டும். மூன்று பேர் மட்டும் இருந்தால் யாரோ ஒருவர் பதினாறு மணி நேரம் நிற்கிறார் என்று பொருள்.

இயந்திரப் பக்கம் எல்லாவற்றையும் பார்க்க நேரமிருக்காது. ஃபயர் பம்ப் பேனலில் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா மேனுவலில் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். ஆட்டோவில்தான் இருக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஏதோ ஒரு ஒழுகலுக்கு பம்ப் அடிக்கடி ஓடுகிறதென்று யாராவது மேனுவலுக்குத் திருப்பிவிட்டு மறந்திருப்பார்கள். இது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம். அடுத்து யு.பி.எஸ். பேட்டரி எந்த வருஷத்தது, டி.ஜி. லாக் புக்கில் எழுதிய மணிக்கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகிறதா, பேஸ்மென்ட்டில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடுகிறதா. 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோட்டில் பெல்லந்தூர், யமலூர் பக்கம் நிலைமை என்ன ஆனது என்று அங்கே வேலை பார்த்த எந்த டெக்னீஷியனும் சொல்வார். எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். "நாங்கள் வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று புது வெண்டர் சொல்லும் நாளில் அது பேசும்.

3. ஆட்களின் பணம்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

மாற்றம் என்று காதில் விழுந்ததும் ஹவுஸ்கீப்பிங் அக்கா கேட்பது மூன்று கேள்வி. வேலை இருக்குமா? சம்பளம் குறையுமா? பி.எஃப். என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அவர்கள் முன் போய் நிற்காதீர்கள். ஸ்லைடு போட்டு நோக்கம், தொலைநோக்கு என்று பேசுவதால் ஒரு பயனும் இல்லை.

வெண்டர் மாறும் தேதி எப்போதும் ஒன்றாம் தேதிதான். போன மாதச் சம்பளமோ ஏழாம் தேதிக்குள் வர வேண்டியது. நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளில் பழைய வெண்டருக்கு இந்த சைட்டில் ஒரு அக்கறையும் கிடையாது. அதனால் பழைய வெண்டரின் கடைசி பில்லை, சம்பளம் போன பேங்க் ஆதாரமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானும் கையில் வந்த பிறகே விடுவிப்பது என்று அக்கவுன்ட்ஸோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால் அதைத் தர வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர், அதாவது உங்கள் கம்பெனி. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. வேலையிலிருந்து விலகியவரின் ஊதியக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். லீகல் டீமிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதையெல்லாம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பி.எஃப். பற்றி ஆட்களிடம் சொல்ல வேண்டியது: யு.ஏ.என். (ஒருவருக்கு ஒரே நிரந்தர பி.எஃப். எண்) மாறாது, பழைய எண்ணிலேயே புது வெண்டர் கட்டுவார். நீங்கள் செய்ய வேண்டியது: பழைய வெண்டர் ஒவ்வொருவருக்கும் விலகிய தேதியைப் போர்ட்டலில் பதிவு செய்தாரா என்று பார்ப்பது. அது விட்டுப்போனால் பணத்தை மாற்றுவதோ எடுப்பதோ சிக்கிக்கொள்ளும். ஆதாரில் ஒரு பெயர், யு.ஏ.என்.-இல் இன்னொரு எழுத்து என்ற குழப்பத்தை இந்தச் சமயத்திலேயே தீர்த்துவிடலாம். பிறகு யாரும் தீர்க்க மாட்டார்கள். இ.எஸ்.ஐ. எண்ணும் ஆளோடு போவதுதான். ஆனால் புது வெண்டர் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாகப் பதிவு செய்தால், நோய்க்கால உதவித்தொகைக்கு வேண்டிய 78 நாள் பங்களிப்புக் கணக்கு உடைந்துபோகும். கர்ப்பிணிகளும் சிகிச்சையில் இருப்பவர்களும் யார் யார் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு, அந்தப் பெயர்களை முதலில் சரிபாருங்கள்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். மேன்பவர் காஸ்டிங் ஷீட்டைத் திறந்தால் போனஸ் 8.33 சதவீதம், அதற்குக் கீழே கிராஜுவிட்டி 4.81 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு மாதமும் உங்கள் கம்பெனி அதைக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. வழக்கமான விதிப்படி ஒரே முதலாளியிடம் ஐந்து வருஷம் முடிய வேண்டும். பத்து வருஷமாக ஒரே கட்டிடத்தில் துடைப்பம் பிடித்தவர், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வெண்டர் மாறியதால் எங்கேயும் ஐந்தை எட்டியிருக்க மாட்டார். அந்த 4.81 எங்கே போனது என்று பழைய வெண்டரிடம் எழுத்தில் கேளுங்கள். புது ஒப்பந்தத்தில், நாம் மாதாமாதம் கட்டாமல், வெண்டர் ஊழியருக்கு உண்மையில் கொடுக்கும்போது ஆதாரத்தோடு நம்மிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதலாம். அல்லது இந்த சைட்டில் இருந்த பழைய வருஷங்களையும் கணக்கில் எடுக்கும்படி பேரம் பேசலாம். பர்ச்சேஸ் டீம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

பெங்களூரு முதல் மண்டலக் குறைந்தபட்ச ஊதியத்தில் வி.டி.ஏ. (விலைவாசிப் படி) ஏப்ரலில் திருத்தப்படும் என்பதும் நினைவிருக்கட்டும். பிப்ரவரியில் விலை பேசி ஏப்ரலில் தொடங்குகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

4. எந்த மொழியில், யார் சொல்வது

வதந்தி மெயிலைவிட வேகமானது. புது வெண்டர் ஆள் டேப் பிடித்து அளக்க வந்த அன்று மதியமே பேன்ட்ரியில் செய்தி போய்விடும். அளக்க வருவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ஒரு சைட்டிலேயே கோலார் தங்கவயலிலிருந்து வரும் தமிழ்ப் பெண்கள், ராய்ச்சூர், கலபுரகி பக்கத்துக் கன்னடத்தார், அனந்தபூர் தெலுங்கர், ஒடிசா, அசாம், வங்காளப் பையன்கள் என்று இருப்பார்கள். அறிவிப்பைக் கன்னடத்தில் முதலில் ஒட்டுங்கள், கீழே இந்தியும் தேவைப்படும் மற்ற மொழிகளும் வரட்டும். வாயால் சொல்வதை அந்தந்த மொழி பேசும் சூப்பர்வைசர் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

தமிழர்களான நமக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. தமிழ் மேனேஜரும் தமிழ் சூப்பர்வைசரும் கூட்டத்தின் நடுவில் நமக்குள் தமிழில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டால், மற்றவர்கள் அதை ஆள் குறைப்புப் பேச்சென்றே எடுத்துக்கொள்வார்கள். வீட்டிலோ டீக்கடையிலோ பேசிக்கொள்ளலாம். ரோல் காலில் வேண்டாம். கன்னடத்தில் "ஊட்டா ஆயித்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்கும் அளவுக்காவது முதல் மாதத்தில் வந்துவிடுங்கள்.

சூப்பர்வைசர்களை ஆட்களுக்கு ஒரு வாரம் முன்பே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களில் யார் தொடர்கிறார், யார் இல்லை என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். தன் வேலை நிலைக்குமா என்றே தெரியாத ஒருவரிடம் உங்கள் மாற்றத்தை நடத்தித் தரச் சொல்ல முடியாது.

5. எது பொது, எது சைட்டின் பாடு

இதில்தான் அனுபவமில்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் போட ஆசைப்படுகிறார்கள். எல்லா சைட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: சம்பளத் தேதி, உயரத்தில் ஏறுவதற்கும் மின் வேலைக்கும் பர்மிட், டாய்லெட்டுக்கு ஒரு நிறத் துணி பேன்ட்ரிக்கு வேறு நிறத் துணி என்ற ஒழுங்கு, புகார் வகைகளின் பெயர், அவசரத்துக்கு யாரை அழைப்பது, பாலியல் தொல்லைப் புகார்க் குழுவை ஒப்பந்த ஊழியரும் அணுகலாம் என்ற அறிவிப்பு. இவற்றோடு விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று: எஸ்.டி.பி. தொட்டிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆள் இறங்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. சாவு நேர்ந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலை குறைத்துக் கேட்டு வந்த வெண்டர், தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் ஜெட்டிங் லாரிக்குப் பதில் ஹவுஸ்கீப்பிங் பையனை அனுப்பப் பார்ப்பார். அவருடைய விலைப்பட்டியலில் லாரி வாடகை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றதைச் சைட்டிடம் விடுங்கள். தண்ணீர் டேங்கர்க்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வெண்டர் என்ற வேகத்தில் சைட்டுக்கு சைட் இருந்த சின்ன டேங்கர்க்காரர்களை வெட்டிவிட்டு நகரம் முழுக்க ஒருவரை வைத்தால் தாளில் மிச்சம் தெரியும். 2024 மார்ச் போல ஒரு கோடை வந்தால், பல வருஷப் பழக்கத்துக்காக முதல் லோடைக் கொண்டுவரும் அந்தப் பக்கத்துக்காரர் இருக்க மாட்டார். ஷிஃப்ட் நேரமும் அப்படித்தான். எல்லா சைட்டிலும் காலை ஆறு என்று வைத்தால் மாரிக்குப்பம் ரயிலில் வந்து ஒயிட்ஃபீல்டில் இறங்கும் பெண்கள் எப்படி வருவார்கள்? அரை மணி நேரம் தள்ளினால் நல்ல பத்து ஆட்கள் தங்குவார்கள்.

அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் விற்ற காசு பல சைட்டில் ஆட்களின் டீச்செலவுக்குப் போய்க்கொண்டிருக்கும். புது ஒப்பந்தம் ஸ்கிராப்பை மையப்படுத்தும்போது அது சத்தமில்லாமல் நின்றுபோகும். தொகை சின்னது, கோபம் பெரிது. அதற்குப் பதில் என்ன என்று முதலிலேயே யோசியுங்கள். ஆயுத பூஜைக்குப் பேனல் ரூமில் பூசணிக்காய் உடைக்கும் செலவையும் யார் தருவார் என்று கேட்டு வையுங்கள். ஒப்பந்தத்தில் அதற்கு வரி இருக்காது, கேள்வி கட்டாயம் வரும்.

6. ஒரு சைட்டில் தொடங்குங்கள்

வெள்ளோட்டத்துக்கு எல்லோரும் சுலபமான சைட்டைத்தான் எடுப்பார்கள். நடுத்தரமானதை எடுங்கள். எலக்ட்ரானிக் சிட்டி சொந்தக் கட்டிடம் இப்போது வேண்டாம். ஒயிட்ஃபீல்டு தளம் சரி. ஒரு சம்பளம், ஒரு பில், ஒரு மாதக் கடைசி ரிப்போர்ட் மூன்றும் முடியும்வரை அடுத்த சைட்டுக்குப் போகாதீர்கள். பதினைந்து நாளில் "வெள்ளோட்டம் வெற்றி" என்று அறிவிப்பவர்கள் சம்பளத் தேதியைப் பார்க்காமல் அறிவிக்கிறார்கள். பிறகு இரண்டிரண்டாக, நடுவில் இடைவெளி விட்டு.

காலண்டரையும் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் மழை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. பீகார்ப் பையன்கள் ஊரில் இருப்பார்கள். ஏப்ரலில் பிஹு, ஜனவரி நடுவில் நம் பொங்கல். பிப்ரவரியோ ஜூன், ஜூலையோ நல்லது.

7. ஆப்

சுருக்கமாக: போன் யாருடையது, டேட்டா யார் போடுவது, பேஸ்மென்ட்டில் சிக்னல் இருக்கிறதா, படிக்கத் தெரியாதவர் படத்தைப் பார்த்துத் தொட முடியுமா. இந்த நான்குக்கும் விடை இல்லாமல் கியூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஆட்கள் துப்புரவு ரசாயனத்தை ஆர் டூ, ஆர் த்ரீ, ஆர் சிக்ஸ் என்று எண்ணால்தான் அழைப்பார்கள். ஆப்பில் முழு வேதிப்பெயர் போட்டால் யாருக்கும் புரியாது. காகிதச் செக்லிஸ்ட்டும் ஆப்பும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ஒரு முடிவு தேதி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் பொய்யாகும். எட்டு டாய்லெட்டும் 9:02-க்கே சுத்தமானதாகப் பதிவு வந்தால் ஆளைத் திட்ட வேண்டாம். அந்த ஆளுக்கு எத்தனை தளம் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

8. கைமாறும் நாள்

முந்தைய வாரமே பழைய வெண்டர், புது வெண்டர், நீங்கள் மூவரும் சேர்ந்து நடந்து ஸ்னாக் லிஸ்ட் (குறைப் பட்டியல்) போட்டுக் கையெழுத்திடுங்கள். சாவிக்கொத்து, கேட் பாஸ் புத்தகம், லாக் புக், டிப் போட்டு அளந்த டீசல், ஸ்டோரில் இருக்கும் சாமான், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) கம்பெனிகளின் போன் எண் எல்லாம் பட்டியலில் வரட்டும். எல்லோரும் மறப்பது பாஸ்வேர்டை. பி.எம்.எஸ். (கட்டிட இயந்திரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு), ஆக்சஸ் கன்ட்ரோல், சி.சி.டி.வி. இவற்றின் அட்மின் பாஸ்வேர்டு பழைய வெண்டரின் ஒரு டெக்னீஷியன் நினைவில் மட்டும் இருக்கும். அவர் போவதற்கு முன் உங்கள் ஐ.டி. ஆள் முன்னிலையில் மாற்றுங்கள். செக்யூரிட்டி ஏஜென்சி மாறினால், புது ஏஜென்சிக்குக் கர்நாடகத்தில் பசாரா உரிமம் (தனியார் காவல் நிறுவனச் சட்டத்தின் உரிமம்) இருக்கிறதா என்று சான்றிதழை வாங்கிப் பாருங்கள். வேறு மாநில உரிமம் இங்கே செல்லாது.

முதல் மூன்று இரவு புது வெண்டரின் மூத்த ஆள் ஒருவர் சைட்டிலேயே தங்கட்டும்.

9. அதற்குப் பிறகு மூன்று மாதம்

முதல் மாதம் புகார் கூடும். மேலே அனுப்பும் ரிப்போர்ட்டில் அதை மறைக்காதீர்கள். நான் பார்க்கச் சொல்லும் எண்கள் சில மட்டும்: சம்பளம் எந்தத் தேதியில் போனது, பழைய ஆட்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், ரிலீவர் இல்லாமல் போன ஷிஃப்ட் எத்தனை, ஒரு முறை மூடிய புகாரில் எத்தனை மறுபடி திறந்தது.

மாதாந்திர ரிவ்யூவைத் தலைமை அலுவலகத்தில் நடத்தாமல் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு சைட்டில் நடத்துங்கள். ஏரியா மேனேஜர்களை ரோட்டைப் பார்த்துப் பிரியுங்கள்: பீன்யாவும் நாகவாராவும் இன்ஃபென்ட்ரி ரோடும் ஒருவருக்கு, ஒயிட்ஃபீல்டும் பெல்லந்தூரும் ஒருவருக்கு, எலக்ட்ரானிக் சிட்டி தனியாக ஒருவருக்கு. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் தாண்ட வைக்கும் எந்தப் பிரிவினையும் தாளில் மட்டுமே வேலை செய்யும்.

மூன்றாவது மாதம் முடிவதற்குள் இன்னொரு வேலை: இந்த வெண்டர் ஒரு நாள் போகும்போது என்ன நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் சேர்த்துவிடுங்கள். அறுபது நாள் முன்னறிவிப்பு, ஆட்களை அடுத்த வெண்டர் எடுத்துக்கொள்ளத் தடை போடக் கூடாது, ஆப்பில் ஏறிய பதிவுகளும் பாஸ்வேர்டுகளும் நம்முடையவை, கடைசி மாத பில் சலான் வந்த பிறகே. உறவு இனிப்பாக இருக்கும் இந்தச் சமயத்தில்தான் அதில் கையெழுத்து கிடைக்கும்.